கிழக்கறையின் பதினோரு தொட்டிகள்

அன்புள்ள அப்பா,

இன்று ஞாயிற்றுக்கிழமை. கிழக்கறைச் செடிகளுக்குத் தண்ணீர் காட்டும் நாள். கதவோரம் இருக்கும் முதல் தொட்டியை இரண்டு கையாலும் தூக்கினேன். தூக்கியதுமே, இதற்கு இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாம் என்று கை சொல்லிவிட்டது. என் கண் தொட்டியைப் பார்க்கவே இல்லை, ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கரித்துண்டும் தேங்காய் மட்டையும் நனைந்து காய்ந்த அந்த மெல்லிய வாசம் மூக்கில் ஏறியது. கீழே வைக்க மனம் வராமல் அப்படியே நின்றேன்.

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உங்களிடம் நேரில் சொல்லாமல் விட்டவை சில என்னிடம் இருக்கின்றன. தண்ணீர்க் குவளையை ஓரமாக வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் நீங்கள் பஸ்ஸை நிறுத்திய நாளைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் எழுதினால் நான் ரொம்ப நல்ல மகள் மாதிரி ஆகிவிடும்.

இருபத்திரண்டு வருடம் நீங்கள் மலை ஏற்றி இறக்கிய பஸ் அது. எழுபது வளைவுகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி உங்களுக்குத் தெரியும். அன்று நானும் அதில் இருந்தேன். நாமக்கல்லில் கல்லூரிச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, கூடப் படித்தவளோடு மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து வந்தேன். மதியம் மூன்று மணி. மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பாதி மலை ஏறியிருப்போம், ஒரு வளைவில் இடது பக்கச் சக்கரம் ஓரத்துக் கல்லை லேசாக உரசியது. அவ்வளவுதான். பாதிப் பேருக்கு அது தெரிந்துகூட இருக்காது. நீங்கள் அடுத்த அகலமான இடம் வரைக்கும் மெல்ல ஏற்றி, வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்தீர்கள். சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லிக் கண்டக்டரை அனுப்பினீர்கள். பிறகு சீட்டிலிருந்து எழுந்து எங்கள் எல்லோரையும் பார்த்துத் திரும்பி நின்றீர்கள்.

"ஏனுங்க, எல்லாரும் மன்னிச்சுக்கோங்க. எனக்கு ரோட்டோட எடது ஓரம் தெரியல. கொஞ்ச நாளாவே இப்படித்தான் இருக்குது, வெளிச்சம் பத்தலைன்னு நெனைச்சுட்டிருந்தேன். இன்னைக்கு நல்ல வெயிலு. இனி நான் இந்த வண்டிய ஓட்டக் கூடாதுங்க. வேற டிரைவர் வர்ற வரைக்கும் எறங்கி நில்லுங்க."

பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "இத்தன நாளும் கண்ணு தெரியாமத்தான் எங்களைக் கூட்டிட்டுப் போனியா?"

"ஆமாங்க. அது என் தப்புத்தானுங்க" என்றீர்கள்.

நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். உங்கள் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. ரோட்டோரச் சுவரை ஒட்டி, கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். டிரைவரின் மகள் இவள்தான் என்று யாராவது கை காட்டிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. வேறு டிரைவர் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. மீதி மலையை நீங்கள் கடைசி சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு ஏறினீர்கள். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நம் ஊரான வளப்பூர் நாட்டில் இறங்கியதும், வீடு வரைக்கும் உங்களுக்கு நாலடி முன்னாலேயே நடந்தேன்.

பஸ் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, இதோடு தன் பிழைப்பு முடிகிறது என்று தெரிந்தே வண்டியை நிறுத்தினீர்கள். இதைச் செய்ய எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும் என்று இன்று யோசிக்கிறேன். அன்று எனக்கு வயது இருபத்தொன்று. வெட்கம் மட்டும்தான் தெரிந்தது. அதற்காக உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை அப்பா. இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது, மீதியைக் காப்பாற்ற முடிகிறதா என்று பார்க்கலாம் என்றார் மலைக்குக் கீழே, கீழ்நாட்டு ஆஸ்பத்திரி டாக்டர். அம்மா தினமும் வேளை தவறாமல் மருந்துத் துளி விட்டாள். இருந்தும் இரண்டு வருடத்தில் பகல் எது இரவு எது என்று தெரிகிற அளவுக்கு மட்டும் வெளிச்சம் மிஞ்சியது. அம்மா மிளகையும் மரவள்ளியையும் தனியாகப் பார்த்துக்கொண்டாள். நான் வாசலூர்பட்டியில் ஏரிக்குப் பக்கத்து விடுதி ஒன்றில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தேன். நீங்கள் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். பல நாள் அது பாடக்கூடச் செய்யாது. பார்க்க வந்தவர்கள் 'பாவம்' என்ற வார்த்தையோடு ஆரம்பித்து அதே வார்த்தையோடு எழுந்து போனார்கள். அவர்கள் போன பிறகு நீங்கள் சாப்பிட மாட்டீர்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஆர்க்கிட் நம் வீட்டுக்குள் வந்தது. விரும்பி வாங்கி வந்ததில்லை. விடுதி வரவேற்பறை மேசைக்கென்று கீழேயிருந்து மூன்று தொட்டி வாங்கியிருந்தார்கள். பூ உதிர்ந்ததும் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "இனி அது வெறும் எலைதானுங்க, தூக்கிக் குப்பையில போட்டுருங்க" என்றார். பச்சையாக இருந்த இலைகளைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு அட்டைப் பெட்டியில் மூன்றையும் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து, சமையலறைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு மறந்துவிட்டேன்.

மறுநாள் நான் வேலை விட்டு வந்தபோது நீங்கள் ஒரு தொட்டியை மடியில் வைத்து, உள்ளே விரல் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தீர்கள். ரேடியோ தரையில் கிடந்தது.

"இது என்ன கண்ணு? மண்ணே இல்லாம ஒரு செடி நிக்குது? மட்டையும் கரியும்தான் கெடக்குது."

"ஆர்க்கிட்டுங்கப்பா. மண்ணு வேண்டாமாம். வேருக்குக் காத்து வேணுமாம்."

அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். "காட்டுல மரக்கெளையில ஒட்டிட்டுத் தொங்குமே, அந்தச் சாதிதான். அதையெல்லாம் ஊட்டுக்குள்ள யாராச்சும் வெப்பாங்களா?"

நீங்கள் சிரித்தீர்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. "புடிக்க ஒண்ணுமே இல்லாம நிக்குது. கெட்டிக்காரிதான்" என்றீர்கள்.

ஆனால் முதல் வருடம் நாம் இரண்டைக் கொன்றோம். ஒன்றுக்கு நீங்கள் ஆசையாகத் தினமும் தண்ணீர் ஊற்றினீர்கள். இலைகளுக்கு நடுவில் தண்ணீர் தேங்கி, குருத்து அழுகி, தொட்டதும் கையோடு வந்தது. இன்னொன்றை, காற்று வேண்டும் என்று நான் படித்ததை நம்பி, மார்கழியில் வெளியே வைத்தோம். அது சூடான நாட்டுச் செடி. நம் மலைப் பனியில் நான்கே நாளில் இலை கண்ணாடி மாதிரி ஆகித் தொங்கிவிட்டது. அதைத் தூக்கி எறியப் போன அம்மாவிடம் நீங்கள், "இரு. எதனால செத்ததுன்னு தெரிஞ்சுக்கிறேன்" என்று வாங்கி, வேர் வேராக உருவிப் பார்த்தீர்கள். நல்ல வேர் விறைப்பாக இருக்கும், கெட்டது நசுங்கி நூலாகிவிடும் என்று அன்று கண்டுகொண்டீர்கள்.

மூன்றாவது தொட்டிக்காக நீங்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கிறது. வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் ஆகாது என்று நான் போனில் படித்துச் சொன்னேன். வெளிச்சம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கத் தயங்கினேன். நீங்கள் தயங்கவில்லை. காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் வரை, புறங்கையை நீட்டியபடி வீட்டின் ஒவ்வொரு ஜன்னலாகப் போய் நின்றீர்கள். மூன்று நாள் இதே வேலை. கடைசியில், "கெழக்கு ரூம்தான். ஒம்பது மணி வரைக்கும் வெதுவெதுன்னு இருக்குது, அப்புறம் சுடறதில்ல" என்றீர்கள். அந்த அறையிலிருந்த மிளகு மூட்டைகளை அம்மா முணுமுணுத்துக்கொண்டே வேறு இடத்துக்கு மாற்றினாள்.

தண்ணீருக்கும் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, வடியவிட்டுத் தூக்கிப் பார்ப்பீர்கள். பிறகு தினமும் ஒருமுறை தூக்கிப் பார்ப்பீர்கள். நான் ஆச்சரியப்பட்டபோது, "லோடு ஏத்துன வண்டிக்கும் காலி வண்டிக்கும் வித்தியாசம் டிரைவருக்குத் தெரியாதா சாமி?" என்றீர்கள். டிரைவர் என்ற வார்த்தையை நீங்கள் மறுபடியும் வாயால் சொன்னது அன்றுதான்.

தை மாதம் ஒரு நாள் காலை நான் ஆபீஸில் இருந்தபோது போன் வந்தது. நீங்கள் எனக்கு வேலை நேரத்தில் போன் செய்ததே கிடையாது. என்னவோ ஏதோ என்று எழுந்துவிட்டேன்.

"கண்ணு, அடியில ரெண்டாவது எலைக்குக் கீழ ஒண்ணு மொளைச்சிருக்குது. வேரு இல்ல."

"வேராத்தான் இருக்குமுங்கப்பா. புது வேரு நெறைய வருதுன்னு நீங்களே சொன்னீங்க."

"வேரோட நுனி உருண்டையா, வழவழன்னு இருக்கும். இது தட்டையா இருக்குது. மேல பாத்துட்டு வருது. நீ வந்து பாரு."

சாயங்காலம் டார்ச் அடித்துப் பார்த்தேன். கடுகளவுக்குச் சற்றே பெரிய ஒரு பச்சை நுனி. எனக்கு வேராகத்தான் தெரிந்தது. பத்து நாளில் அது நீண்டு, கணு விட்டு, பூங்காம்பு என்று தெளிவானது. இரண்டு கண் இருந்த எனக்குத் தெரியாதது உங்கள் ஆள்காட்டி விரலுக்குத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து நான் உங்களோடு வாதாடுவதை நிறுத்திவிட்டேன்.

ஏழு மொட்டு வந்தது. பங்குனியில் இரண்டு மொட்டு மஞ்சளாகி உதிர்ந்தது. தண்ணீர் சரி, வெளிச்சம் சரி. நீங்கள் அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து நின்றுவிட்டு, "இங்க யாரு வாழைத்தார் வெச்சது?" என்றீர்கள். கட்டிலுக்குக் கீழே அம்மா மலைவாழைத் தார் ஒன்றைப் பழுக்க வைத்திருந்தாள். பழம் பழுக்கிற இடத்தில் மொட்டு நிற்காது என்று எப்போதோ நான் படித்துச் சொன்னதை நானே மறந்திருந்தேன், நீங்கள் மறக்கவில்லை.

"பழம் வேணுமா, பூ வேணுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள் அம்மா.

"ரெண்டும் வேணும். பழத்தை வேற ரூமுக்குக் கொண்டுபோ" என்றீர்கள்.

மீதி ஐந்தும் சித்திரையில் விரிந்தன. முதல் பூ முழுசாக விரிந்த காலையில் நீங்கள் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து அதன் முன்னால் உட்கார்ந்தீர்கள். குனிந்து முகர்ந்தீர்கள். வாசம் இல்லை. இந்த வகைக்கு வாசமே கிடையாது என்று உங்களிடம் எப்படிச் சொல்வது என்று நான் இத்தனை நாளும் தள்ளிப்போட்டு வந்திருந்தேன். உங்கள் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு விரலை நாக்கில் ஈரமாக்கிக்கொண்டு, ஒவ்வொரு இதழாக ஓரம் தொட்டுப் பார்த்தீர்கள்.

"புதுத் துணி மாதிரி இருக்குது. என்ன நெறம்?"

"வெள்ளைங்கப்பா."

"எந்த வெள்ளை?"

வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று நான் யோசித்ததே இல்லை. கொஞ்ச நேரம் பூவையே பார்த்திருந்துவிட்டுச் சொன்னேன். "காலையில மொதல் பஸ் எறங்கறப்ப, மேல் வளைவுல நின்னு பார்த்தா கீழ்நாடு முழுக்க மூடியிருக்குமே பனி, அந்த வெள்ளைங்க. நடுவுல மட்டும் கொஞ்சம் மஞ்சள். வெயில் வந்து அந்தப் பனி மேல விழறப்ப ஓரத்துல வருமே, அது."

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "தெரியுது கண்ணு" என்றீர்கள்.

அதன் பிறகு விடுதியில் பூ உதிர்ந்த செடி ஒன்றுகூடக் குப்பைக்குப் போகவில்லை. பக்கத்து விடுதிகளில் சொல்லிவைத்தேன், அங்கிருந்தும் வந்தன. மூன்றாவது வருடம் கிழக்கறையில் ஒன்பது தொட்டி. எல்லாமே யாரோ வேண்டாம் என்றவை. ஒன்றுகூடச் சாகவில்லை. ஒவ்வொன்று பூக்கும்போதும் எந்தச் சிவப்பு, எந்த மஞ்சள் என்று நீங்கள் கேட்பீர்கள், நான் உட்கார்ந்து பார்த்துச் சொல்வேன்.

அந்த ஆடியில் வாசலூர்பட்டி மலர்க் கண்காட்சிக்கு, முதலில் பூத்த அந்த வெள்ளைச் செடியைக் கொண்டுபோனோம். அந்த வருடம் அதில் ஒன்பது பூ, ஒன்றும் உதிராமல் நின்றது. பஸ்ஸில் உங்கள் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தீர்கள். வளைவு வரும் முன்பே உங்கள் உடம்பு சாய்ந்து கொடுத்ததால் ஒரு பூகூட ஆடவில்லை. மேசையில் வைத்தோம். நடுவராக வந்தவர் சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்த மனிதர். செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"யாருங்க வளத்தது?"

"எங்கப்பாதானுங்க" என்றேன். சத்தமாகவே சொன்னேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் உங்கள் கறுப்புக் கண்ணாடியையும் கையிலிருந்த கோலையும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. பூத்த செடியக் கடையில வாங்கி, போன வாரம் கொண்டாந்து வெக்கறவங்க இருக்கறாங்க. சொந்தமா வளத்ததுக்குத்தான் பரிசு. பார்வை இல்லாதவரு இதை வளத்தாருன்னா நான் எப்படிங்க எழுதறது?"

நான் வாய் திறக்கும் முன்பு நீங்கள் பேசினீர்கள். உங்கள் குரலில் கோபமே இல்லை.

"நீங்க கேக்கறது சரிதானுங்க. உங்க கையை இப்படிக் குடுங்க." அவர் கையைப் பிடித்துச் செடியின் அடிக்குக் கொண்டுபோனீர்கள். "இது இப்பப் பூத்திருக்கற காம்பு. இதுக்குக் கீழ ஒரு கட்டை தட்டுப்படுதுங்களா? அது போன வருசக் காம்பு வெட்டுன எடம். அதுக்கும் கீழ இன்னொண்ணு இருக்கும், அது அதுக்கு முந்தின வருசம். எல்லாத்துக்கும் அடியில நல்லாக் காஞ்சு ஒண்ணு இருக்குதே, அதுதான் கடையில பூத்தது. அது மட்டும் எங்களுது இல்லைங்க."

நடுவர் குனிந்து மூன்று கட்டைகளையும் தொட்டு எண்ணினார். பிறகு என்ன தோன்றியதோ, பக்கத்து மேசையிலிருந்த இன்னொரு ஆர்க்கிட் தொட்டியை எடுத்து உங்கள் கையில் கொடுத்தார். "இது எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க பார்க்கலாம்."

நீங்கள் அதை ஒருமுறை தூக்கி இறக்கினீர்கள். இலையை இரண்டு விரலால் மடித்துப் பார்த்தீர்கள். "அஞ்சாறு நாளாத் தண்ணி காட்டலீங்க. எலை தொவண்டிருக்குது. வேரு நல்லாத்தான் இருக்குது, இன்னைக்கு ஊறவெச்சா பொழைச்சுக்கும்."

அந்தச் செடிக்குச் சொந்தக்கார அம்மாள் முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "ஊருக்குப் போயிட்டேனுங்க, நேத்துத்தான் வந்தேன்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நடுவரும் சிரித்தார். அவர் நோட்டில் உங்கள் பெயரை எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன்.

உங்களுக்கு இரண்டாவது பரிசுதான். முதல் பரிசு ஒரு ரோஜாவுக்குப் போனது. திரும்பி வரும்போது, "வருத்தமாங்கப்பா?" என்று கேட்டேன். "ரோசாவுக்கு வாசம் இருக்குதில்ல, எப்படி ஜெயிக்க முடியும்?" என்றீர்கள். ஆனால் அந்தக் கேடயத்தை அன்று முழுக்க நீங்கள் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. அதில் பொறித்திருந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தீர்கள். மறுநாளிலிருந்து நம் வீட்டுக்கு வந்த யாரும் 'பாவம்' என்று ஆரம்பிக்கவில்லை. வாடிய தொட்டியோடு வந்தார்கள்.

அடுத்த புரட்டாசியில் உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டியது. நாமக்கல் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். நான்காம் நாள் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஜன்னலோரம் இருக்கறதுக்குப் புது எலை வருதான்னு பாரு" என்றீர்கள். ஐந்தாம் நாள் காலையில் நீங்கள் இல்லை. அம்மா அழுதுகொண்டே என்னிடம் முதலில் கேட்டது, "செடிக்கு யாரு தண்ணி காட்டுனா?" என்றுதான்.

இறப்பைப் பதிவு செய்ய நான்தான் போனேன். படிவத்தை நிரப்பியவர் தலை நிமிராமலே கேட்டுக்கொண்டு வந்தார். பெயர், வயது, முகவரி. தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது.

"கண்ணு தெரியாதவருன்னு சொல்றீங்க. தொழில் இல்லைன்னு போட்டுரட்டுங்களா?"

"இல்லீங்க. டிரைவர்னு போடுங்க. பக்கத்துலயே ஆர்க்கிட் வளர்ப்பாளர்னும் போடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்படி ஒரு தொழில் இருக்குதுங்களா?"

"எங்க ஊட்டுல இருக்குதுங்க" என்றேன். அவர் எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாரா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது பதினோரு தொட்டி இருக்கின்றன அப்பா. நீங்கள் போன பிறகு இரண்டு சேர்ந்திருக்கின்றன. அம்மா வாழைத்தாரைக் கிழக்கறைப் பக்கமே கொண்டுவருவதில்லை. வருகிறவர்களிடம், "அந்த ரூமுக்குள்ள பழம் கிழம் எடுத்துட்டுப் போயிராதீங்க" என்று அதட்டுகிறாள்.

எனக்கு நீங்கள் விட்டுப்போனது செடி மட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். போன வாரம் வேலைக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ரோட்டோரம் பாயில் மிளகு காயப் போட்டிருந்தார்கள். முன்பென்றால் கறுப்பு என்று நினைத்துவிட்டுத் திரும்பியிருப்பேன், இப்போது முடியவில்லை. நேற்றுப் போட்டது ஒரு கறுப்பு, அடுப்பில் கழுவாத சட்டியின் அடி மாதிரி. இன்று போட்டது இன்னும் பச்சை போகாத கறுப்பு, மழைக்கு நனைந்த பலாமரத்துப் பட்டை மாதிரி. இரண்டுக்கும் நடுவில் அங்கங்கே சிவப்பாக ஒன்றிரண்டு பழம். இதையெல்லாம் வார்த்தை வார்த்தையாக மனசுக்குள் சொல்லி முடித்தபோது நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது.

உங்களுக்குச் சொல்வதற்காகப் பார்க்கப் பழகியவள் நான். எந்த நிறத்தையும் சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு இப்போது முடிவதில்லை.

உங்கள்
கண்ணு